மாவு மில்லும் மூன்று ஏக்கரும்: உழைத்து மறைந்தவரின் வாழ்க்கையை எழுதி வைக்கும் முறை

எங்கள் அப்பா இறந்த ஒன்பதாம் நாள், கருமாதிக்காக வீட்டைச் சுத்தம் செய்ய வந்த உறவினர்கள் மாவு மில்லையும் கழுவிவிட எண்ணி, தராசு மேசைக்கு அடியில் கிடந்த பழைய நோட்டுகளைச் சாக்கில் அள்ளி எருக்குழிக்குக் கொண்டுபோனார்கள். அம்மா பார்த்துச் சத்தம் போட்டதால் சாக்கு திரும்பி வந்தது. போச்சம்பள்ளிக்கு அருகே ஒரு சிற்றூரில் 38 ஆண்டுகள் மில் நடத்தி, 3 ஏக்கரில் பயிரும் செய்த ஒருவரின் வாழ்க்கையை ஓராண்டு கழித்து 40 பக்கங்களில் எழுத முடிந்தது என்றால், அதற்கு அந்தச் சாக்கில் இருந்த 11 நோட்டுகள்தான் காரணம். அந்த ஓராண்டில் நாங்கள் கற்றுக்கொண்டதை, தருமபுரி, கிருஷ்ணகிரிப் பக்கத்தில் இதே போன்ற ஒருவரை இழந்து நிற்கும் வீட்டாருக்குப் பயன்படும்படி இங்கே எழுதுகிறேன்.

முதலில் ஒன்றை மனத்தில் இருத்திக்கொள்ள வேண்டும். "கடின உழைப்பாளி", "எல்லோருக்கும் நல்லவர்", "எளிமையானவர்" என்ற சொற்கள் கருமாதிப் பத்திரிகையிலும் கண்ணீர் அஞ்சலிப் பதாகையிலும் எல்லோருக்கும் எழுதப்படுபவை. அவை பொய்யல்ல, ஆனால் பேரன் பேத்திகள் அவற்றைப் படித்துத் தங்கள் தாத்தாவை அடையாளம் கண்டுகொள்ள முடியாது. அவர் எதைச் செய்தார், எந்த நேரத்தில் செய்தார், எந்தக் கருவியால் செய்தார், யாருக்காகச் செய்தார், அதற்கு என்ன கூலி வாங்கினார் என்பவற்றை எழுதினால், உழைப்பாளி என்ற சொல்லை எழுதாமலே உழைப்பு தெரியும். இந்த வழிகாட்டி முழுவதும் அந்த ஒரே நோக்கத்தில்தான் எழுதப்பட்டிருக்கிறது.

பதினாறாம் நாளுக்குள் செய்ய வேண்டியவை

துக்க வீட்டில் யாருக்கும் எழுதும் மனநிலை இருக்காது, எழுதவும் வேண்டாம். பொருள்கள் கைநழுவிப் போகாமல் பார்த்துக்கொண்டால் போதும். கடை, மில், மண்டி, பட்டறை எதுவானாலும், ஒரு பொருளையும் நகர்த்துவதற்கு முன்னால் நான்கு சுவர்களையும் தரையையும் கூரையையும் கைப்பேசியில் படம் எடுத்துவிடுங்கள். எது எங்கே தொங்கியது, எந்த ஆணியில் எந்தச் சாவி இருந்தது என்பதே அவருடைய வேலையின் ஒழுங்கு. சுவரில் சாக்பீஸால் எழுதியிருக்கும் தொலைபேசி எண்கள், கூலி விலைப் பலகை, காலண்டர் தாளின் ஓரத்தில் கிறுக்கிய கணக்கு ஆகியவற்றைக் கிட்டத்தில் வைத்துப் படம் எடுக்க வேண்டும், ஏனெனில் வெள்ளையடிக்கும் நாளில் இவை எல்லாம் போய்விடும்.

அவருடைய கைப்பேசியை உடனே யாருக்கும் கொடுத்துவிடாதீர்கள். ரீசார்ஜ் செய்யாமல் விட்டால் எண் சில மாதங்களில் ரத்தாகிவிடும். வாட்ஸ்அப்பில் அவர் அனுப்பிய குரல் பதிவுகளைத் தனியே சேமிக்க வேண்டும். "மழை வர்ற மாதிரி இருக்கு, கொள்ளப் பொறுக்கி உள்ள வையுங்க" என்று அப்பா அனுப்பிய ஏழு விநாடிப் பதிவு இன்று எங்கள் வீட்டில் எந்தப் புகைப்படத்தையும்விடப் பெரிய சொத்து. இறப்பை 21 நாள்களுக்குள் பதிவு செய்துவிட வேண்டும் என்பது எல்லோரும் அறிந்ததே. அதற்காக ஆவணங்களைத் தேடும்போதே பட்டா, சிட்டா, கந்தாய (நிலவரி) ரசீது, கூட்டுறவுச் சங்கப் பாஸ்புத்தகம், மின் இணைப்பு அட்டை, பழைய ரேஷன் அட்டை ஆகியவற்றை ஒரே பெட்டியில் போட்டு வைத்தால் பின்னால் இரண்டாம் முறை தேட வேண்டியதில்லை.

நோட்டுகளைப் படிப்பது

இதில்தான் நான் அதிக நாள் செலவிட்டேன், இதில்தான் அதிகம் கிடைத்தது. ஊர்ப்புறத்தில் தொழில் செய்தவர்கள் நாட்குறிப்பு எழுதுவதில்லை. ஆனால் கடன் நோட்டு எழுதாதவர் அரிது. அப்பாவின் நோட்டில் ஒரு பக்கத்தை, வீட்டு அடையாளங்களை மட்டும் மாற்றித் தருகிறேன்: "புளியமரத்து வீட்டு அக்கா, ராகி 2 வள்ளம், பாக்கி. மேட்டுக் கொட்டாய், அரிசி 3 படி, தந்தது. டீச்சர், மல்லி 1 கிலோ, பாக்கி. பேரன் வந்தான், பாக்கி வாங்கவில்லை." நான்கு வரிகள்தான். எங்கள் பக்கத்தில் 4 படி ஒரு வள்ளம். எடை வந்து எத்தனையோ காலம் ஆன பிறகும் வயதான பெண்களிடம் அவர் வள்ளக் கணக்கிலேயே கூலி வாங்கியிருக்கிறார். ஆட்களைப் பெயரால் குறிக்காமல் வீட்டின் அடையாளத்தால் குறித்திருக்கிறார். கடைசி வரியில் அந்தப் பேரன் யார், ஏன் வந்தான் என்பதைக் கேட்டறிய எனக்கு மூன்று மாதம் ஆயிற்று: பாட்டி மருத்துவமனையில் இருந்தபோது மிளகாய் அரைக்க வந்த சிறுவன் அவன்.

நோட்டை வரி வரியாகப் படிக்கும் முன் மாதவாரியாக எண்ணிப் பாருங்கள். எந்த மாதத்தில் எது அதிகம் அரைபட்டது என்பதை ஒரு தாளில் குறித்தால் அவருடைய ஓர் ஆண்டு கண்முன் வரும். எங்கள் நோட்டுகளில் தீபாவளிக்கு முந்தைய வாரம் அதிரசத்துக்கான ஈர அரிசி மாவு பக்கம் பக்கமாக ஓடுகிறது. கதிரடித்து முடிந்த தை, மாசியில் கேழ்வரகு நிறைகிறது. பங்குனி, சித்திரை வெயிலில் மிளகாயும் மல்லியும் குவிகின்றன. பிறகு ஆண்டுகளை ஒன்றோடொன்று ஒப்பிடுங்கள். 2008-இல் ரேஷன் அரிசி கிலோ 1 ரூபாய் ஆனதும், 2011 ஜூன் முதல் விலையில்லா அரிசி ஆனதும் ஏழைகளின் அடுப்பைக் காத்தவை; அதே ஆண்டுகளில் எங்கள் மில்லில் களிக்குக் கேழ்வரகு அரைக்க வருபவர்கள் குறைந்துகொண்டே போனதை நோட்டு காட்டுகிறது. அப்பா அதைப் பற்றி ஒரு சொல்லும் குறைப்பட்டுக்கொண்டதில்லை. மிளகாய்க்கென்று தனி இயந்திரம் ஒன்றைப் பழையதாக வாங்கிப் போட்டார். 2016-17 வறட்சியில் நோட்டின் பக்கங்கள் பாதியாகச் சுருங்கிவிட்டன. அந்த ஆண்டில் "பாக்கி" என்ற சொல் மட்டும் கூடியிருக்கிறது.

அடித்துவிடப்பட்ட கணக்குகளை மிகக் கவனமாகப் பாருங்கள். பணம் வந்து அடித்திருந்தால் பக்கத்தில் தொகையும் தேதியும் இருக்கும். தொகை இல்லாமல் வெறும் கோடு மட்டும் இருந்தால், அது பெரும்பாலும் அவர் விட்டுக்கொடுத்த கடன். எங்கள் 11 நோட்டுகளில் அப்படிப்பட்ட கோடுகள் 60-க்கு மேல் இருந்தன. இங்கே ஒரு கண்டிப்பு தேவை: கடன்பட்டவர்களின் பெயரையோ வீட்டு அடையாளத்தையோ அச்சில் வெளியிடக் கூடாது. நான் மேலே தந்த அடையாளங்களையும் மாற்றியே தந்திருக்கிறேன். அவர் மூடி வைத்ததை நாம் திறந்து காட்டுவது அவருக்குச் செய்யும் மரியாதை ஆகாது.

தேதிகளை உறுதி செய்வது

நினைவில் நிகழ்ச்சி நிற்கும், ஆண்டு நிற்காது. ஆகவே ஊரறிந்த நிகழ்வுகளைக் கம்பாக நட்டு, அவருடைய வாழ்க்கையை அவற்றில் கட்ட வேண்டும். "மில் மோட்டார் வந்தது எம்.ஜி.ஆர். இறந்ததற்கு முன்னாலயா, பின்னாலயா?" என்று கேட்டால் யாரும் உடனே சொல்லிவிடுவார்கள், அது 1987 டிசம்பர் 24. விவசாயத்துக்கு இலவச மின்சாரம் 1984-இல் சிறு விவசாயிகளுக்கும், 1990 வாக்கில் எல்லா விவசாயிகளுக்கும் வந்தது. கிருஷ்ணகிரி அணையின் மதகு உடைந்தது 2017 நவம்பர். இப்படி ஏழெட்டு இருந்தால் போதும்.

பத்திரங்களில் மாவட்டத்தின் பெயரே பாதித் தேதியைச் சொல்லிவிடும். தருமபுரி மாவட்டம் சேலத்திலிருந்து பிரிந்தது 1965 அக்டோபர் 2. கிருஷ்ணகிரி மாவட்டம் தருமபுரியிலிருந்து பிரிந்தது 2004 பிப்ரவரி 9. ஆக, எங்கள் தாத்தா வாங்கிய நிலத்தின் கிரயப் பத்திரத்தில் "சேலம் ஜில்லா" என்றும், அப்பாவின் கூட்டுறவுச் சங்கக் கடன் பத்திரத்தில் "தருமபுரி மாவட்டம்" என்றும், இறப்புச் சான்றிதழில் "கிருஷ்ணகிரி மாவட்டம்" என்றும் இருக்கிறது. ஒரே ஊரில் பிறந்து அதே ஊரில் இறந்த குடும்பம் மூன்று மாவட்டங்களில் வாழ்ந்ததுபோல் காகிதங்கள் சொல்லும். படிக்கும் இளையவர்கள் குழம்பாதபடி இதை ஒரு வரியில் விளக்கிவிட வேண்டும்.

பிறந்த தேதிக்குப் பள்ளிச் சான்றிதழை மட்டும் நம்பாதீர்கள். அந்தக் காலத்தில் பள்ளியில் சேர்க்கும் அன்று ஆசிரியரே வயதைக் கணித்து ஜூன் மாதத்தில் ஒரு தேதியைப் போட்டுவிடுவது வழக்கம். அப்பாவின் சான்றிதழில் 1.6.1953 என்று இருக்கிறது. ஆனால் அத்தை, "ஜய வருஷம் ஆடி மாசம், சாமை விதைச்சிட்டிருந்தப்ப பொறந்தான்" என்று உறுதியாகச் சொன்னார். ஜய வருடம் 1954 ஏப்ரல் நடுவில் தொடங்கி 1955 ஏப்ரல் நடுவில் முடிந்தது. தமிழ் வருடப் பெயர் 60 ஆண்டுக்கு ஒருமுறை திரும்பி வருமாகையால் அடுத்த ஜய 2014. எனவே அவர் பிறந்தது 1954 ஜூலை நடுவிலிருந்து ஆகஸ்டு நடுவுக்குள். நாங்கள் இரண்டையும் எழுதினோம்: சான்றிதழ் இவ்வாறு சொல்கிறது, குடும்ப நினைவு இவ்வாறு சொல்கிறது என்று.

நிலத்துக்கு, பதிவுத்துறையின் இணையதளத்தில் வில்லங்க விவரம் பார்க்கலாம். பெரும்பாலான சார்பதிவாளர் அலுவலகங்களுக்கு 1975 முதலான பதிவுகள் கிடைக்கின்றன. எந்த ஆண்டில் அடமானம் வைத்தார், எந்த ஆண்டில் மீட்டார் என்பது அதில் தெரியும். மகள் திருமணம், போர்வெல், மில் இயந்திரம் ஆகியவற்றுக்குப் பணம் எங்கிருந்து வந்தது என்ற கேள்விக்கு விடை பெரும்பாலும் அங்கேதான் இருக்கும்.

யாரிடம், எப்படிக் கேட்பது

உறவினர்களைக் கடைசியில் வைத்துக்கொள்ளுங்கள். அவர்கள் துக்கத்தில் இருக்கிறார்கள். சொல்வதெல்லாம் புகழ்ச்சியாகவே இருக்கும். வேலையில் உடனிருந்தவர்களிடம் முதலில் போக வேண்டும்: மோட்டாருக்குக் காயில் (கம்பிச்சுருள்) கட்டித் தந்தவர், ஏர் ஓட்டியவர், களத்தில் கதிரடித்த பெண்கள், ஞாயிற்றுக்கிழமை போச்சம்பள்ளிச் சந்தையில் பக்கத்தில் கடை போட்டவர், மாந்தோப்பைக் குத்தகைக்கு எடுத்தவர். "அவரைப் பற்றிச் சொல்லுங்கள்" என்று கேட்டால், "தங்கமான மனுசன்" என்று சொல்லிவிட்டுப் பேச்சு நின்றுவிடும். "நீங்கள் முதன்முதலில் மில்லுக்கு வந்தபோது ஒரு படிக்கு என்ன கூலி?", "அவர் உங்களிடம் கோபித்துக்கொண்டது எப்போது?", "கரண்ட் இல்லாத நாளில் என்ன செய்வார்?" என்று கேட்டால் பேச்சு ஓடும்.

ஒரு கருவியைக் கையில் எடுத்துக்கொண்டு போனால் இன்னும் நல்லது. அப்பாவின் கொத்துளியை எடுத்துக்கொண்டு, அவரிடம் தொழில் பழகி இப்போது வேறு ஊரில் மில் வைத்திருக்கும் அண்ணனிடம் போனேன். உளியைக் கண்டதும் அவர் தம் புறங்கையைக் காட்டினார். தோலுக்கு அடியில் மிளகைப் பொடித்துத் தூவியதுபோல் கறுப்புப் புள்ளிகள். மாவு சூடாகவும் நறநறவென்றும் விழ ஆரம்பித்தால் கல் தேய்ந்துவிட்டது என்று பொருள். இயந்திரத்தைத் திறந்து, கல்லை மல்லாத்தி, தேய்ந்த வரிகளை உளியால் கொத்தி எடுக்க வேண்டும். கொத்தும்போது உளியிலிருந்து தெறிக்கும் இரும்புப் பொடி கையில் ஏறித் தங்கிவிடும். "உங்கப்பா கையில இதுமாதிரி முழங்கை வரைக்கும் இருக்கும், பாத்ததில்லையா தம்பி?" என்று கேட்டார். நான் பார்த்திருந்தேன், சிறு வயதிலிருந்து அவற்றை மச்சம் என்று நினைத்திருந்தேன். அவரே இன்னொன்றும் சொன்னார்: "மாவக் கட்டை விரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவுல வச்சுத் தேய்ச்சுப் பாக்காம ஒரு நாளும் பையில கொட்டமாட்டாரு. கரகரன்னு இருந்தா மறுபடி போடுவாரு, கூலி கேக்கமாட்டாரு." எங்கள் நூலின் முதல் அத்தியாயம் இந்த இரண்டு செய்திகளிலிருந்துதான் பிறந்தது.

பேச்சைக் கைப்பேசியில் பதிவு செய்யும் முன் அனுமதி கேளுங்கள். எழுதும்போது கட்டுரையின் நடை எழுத்துத் தமிழில் இருக்கலாம்; அவர்கள் சொன்ன வாக்கியங்களை மட்டும் சொன்னபடியே விடுங்கள். கிருஷ்ணகிரி, ஓசூர்ப் பக்கத்தில் தெலுங்கும் கன்னடமும் வீட்டுமொழியாக உள்ள குடும்பங்கள் ஏராளம். அவர் மாட்டை விரட்டியதும் பேரனைக் கொஞ்சியதும் அந்த மொழியில்தான் என்றால், அச்சொற்களைத் தமிழ் எழுத்திலேயே எழுதி, பொருளைப் பக்கத்தில் சொல்லிவிடலாம்.

மனைவியின் உழைப்பைத் தனியே கேட்டு எழுத வேண்டும் என்பதை நான் வற்புறுத்திச் சொல்வேன். பட்டா, மின் இணைப்பு, கடன் பத்திரம் எதிலும் அம்மாவின் பெயர் இல்லை. ஆனால் அப்பா நிலத்துக்குப் போன நேரமெல்லாம் மில்லை நடத்தியவர் அவர். நோட்டில் பாதிக் கையெழுத்து அவருடையது. அதை நாங்கள் கவனித்ததே ஐந்தாவது நோட்டைப் படிக்கும்போதுதான். கையெழுத்துகளை ஒப்பிட்டுப் பாருங்கள். இரண்டு ஆட்களின் வாழ்க்கை ஒரே நோட்டில் இருக்கலாம்.

நிலத்தை எழுதுவது

"விவசாயமும் செய்தார்" என்று ஒரு வரியில் முடித்துவிடுவது பலரும் செய்யும் தவறு. நிலத்துக்குப் போய், ஒவ்வொரு துண்டுக்கும் வீட்டில் வழங்கும் பெயரைக் கேட்டு, ஒரு தாளில் படம் வரையுங்கள்: மேட்டுக் கொல்லை, கிணத்து மேடு, புளியமரத்துக் கால்காணி என்று எங்கள் 3 ஏக்கருக்குள் ஐந்து பெயர்கள் இருந்தன, பட்டாவில் வெறும் சர்வே எண்கள்தான். பிறகு பருவத்தை வரிசைப்படுத்துங்கள். ஆனி, ஆடி மழையில் சாமையும் கேழ்வரகும் நிலக்கடலையும் விதைத்து, கேழ்வரகுச் சால்களுக்கு இடையே மொச்சையும் துவரையும் போட்டு, பின்மழையை நம்பிக் கொள்ளு தெளித்ததுதான் அவர் செய்த மானாவாரி வேளாண்மை. மழை தவறினாலும் ஏதாவது ஒன்று கைக்கு வர வேண்டும் என்ற கணக்கு அதில் இருக்கிறது. பெங்களூரா மாமரங்களை எந்த ஆண்டு நட்டார், காய்ப்பு நின்ற ஆண்டில் என்ன செய்தார், போர்வெல் எத்தனை அடி போட்டார் என்பதை எண்ணோடு எழுதுங்கள். எங்கள் நிலத்தில் போட்ட இரண்டு போர்களில் ஒன்று 720 அடியிலும் புழுதிதான் கக்கியது. அந்தக் கடனை அடைக்க அவருக்கு 6 ஆண்டுகள் ஆயின.

நட்டத்தையும் சண்டையையும் எழுதும்போது

மறைக்க வேண்டாம், பழி தீர்க்கவும் வேண்டாம். மாங்காய் வாங்கிய வியாபாரி ஒருவர் ஒரு போகத்துப் பணத்தைக் கடைசிவரை தரவில்லை. அவர் யார் என்பது ஊருக்கே தெரியும். ஆனாலும் பெயரை எழுதவில்லை. அந்தப் பணம் வராததால் அண்ணன் படிப்பு ஓராண்டு தடைப்பட்டதையும், அந்த ஆண்டில் அப்பா இரவிலும் மில் ஓட்டியதையும் எழுதினோம். பாகப்பிரிவினைத் தகராறிலும் இதே வழியைத்தான் பின்பற்றினோம்: அவர் செய்ததை எழுதலாம், பிறர் செய்ததாக அவர் நினைத்ததை எழுத வேண்டாம். அவருடைய குறைகளையும் அளவோடு சொல்லலாம். எங்கள் பள்ளி ஆண்டு விழா ஒன்றுக்கும் அவர் வந்ததில்லை. அந்த வருத்தம் எனக்கு இன்றும் உண்டு. அதை எழுதியிருக்கிறேன், அதே நாள்களில் நோட்டில் இரவு 9 மணிக்கும் கணக்கு எழுதப்பட்டிருப்பதையும் பக்கத்திலேயே எழுதியிருக்கிறேன்.

வடிவம்

பிறப்பில் தொடங்கி இறப்பில் முடிக்க வேண்டிய கட்டாயம் இல்லை. அவருடைய ஒரு நாளை விடியற்காலை முதல் எழுதித் தொடங்குங்கள். அப்பாவின் நாள் 4 மணிக்கு மாட்டுக்குத் தீனி போடுவதில் தொடங்கியது. படிப்பவர் அவரோடு ஒரு நாள் இருந்துவிட்டால், பிறகு பிறப்பு, கல்யாணம், கடன் எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்பார். கருமாதிப் பத்திரிகைக்கு இடம் குறைவு என்றால் மூன்று வாக்கியங்கள் போதும்: என்ன தொழில், எத்தனை ஆண்டு, எல்லோரும் நினைவில் வைத்திருக்கும் ஒரே ஒரு செயல். நம் இரு மாவட்டங்களிலும் ஆயிரம் ஆண்டுக்கு முந்தைய நடுகற்கள் நிறையக் கிடைத்திருக்கின்றன. தருமபுரி, கிருஷ்ணகிரி அரசு அருங்காட்சியகங்களில் பார்க்கலாம். எழுத்துப் பொறித்த கற்களில், எந்த அரசனின் எத்தனையாவது ஆண்டு, எந்த ஊர், யார், ஆநிரை மீட்டுப் பட்டான் என்பது போல என்ன செய்து இறந்தான் என்ற செய்தி சில வரிகளில் முடிந்துவிடும். பதாகை எழுதுபவர்கள் ஒருமுறை போய்ப் பார்த்துவிட்டு வந்தால் நல்லது.

எழுதி முடித்ததும் அச்சுக்குக் கொடுக்கும் முன், எழுதப் படிக்கத் தெரியாத ஒருவருக்கு முழுவதையும் வாசித்துக் காட்டுங்கள். எங்கே அவர் "இல்ல, அது அப்படி இல்ல" என்கிறாரோ அங்கே பிழை இருக்கிறது; எங்கே பேசாமல் வேறு பக்கம் பார்க்கிறாரோ அங்கே அலங்காரம் அதிகமாக இருக்கிறது. நாங்கள் 50 படிகள் அடித்தோம். பிள்ளைகளுக்கு ஒவ்வொன்று, மில்லில் ஒன்று, ஊர் நூலகத்தில் ஒன்று, மீதி வேலையில் உடனிருந்தவர்களுக்கு. பின்பக்கத்தில் 8 தாள்களை வெறுமையாக விட்டுத் தைக்கச் சொன்னோம். வருடத் திதி அன்று களத்து மேட்டில் உட்கார்ந்து அண்ணன் படித்தபோது, முன்வரிசையில் இருந்த ஒரு பாட்டி எழுந்து, மில் திறந்த அன்று முதலில் அரைத்தது கேழ்வரகு அல்ல, தம் மகள் வளைகாப்புக்குக் கொண்டுவந்த பச்சரிசி என்று சொன்னார். கையில் இருந்த படியில், வெறுந்தாளின் முதல் வரியில், அம்மா அதைத் தம் கையால் எழுதினார்.